ஓர் ஆட்ட ஆசிரியரின் ராஜினாமா

2024-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி, குடியரசு தினத்தன்று, உத்திரமேரூரை அடுத்த கிராமம் ஒன்றில் நடந்த கிராம சபைக்கு நாம் போயிருந்தோம். ஏரி மதகு, சுடுகாட்டுப் பாதை, எரியாத தெருவிளக்கு ஆகிய விஷயங்கள் வழக்கம்போல் எழுந்தன, வழக்கம்போல் குறித்துக்கொள்ளப்பட்டன. கூட்டம் முடிந்த பின் மாலை ஐந்து மணி சுமாருக்கு உத்திரமேரூர் திரும்பி, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டுக்களை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பஸ் ஏறலாமென்று சென்றோம். கோயிலுக்குச் சற்று அப்பால் ஏழெட்டு வாலிபர்கள் கூடி நின்றார்கள். இருவர் சிவப்புப் பனியன் அணிந்திருந்தனர். எல்லோருடைய தலையும் ஒரே கைபேசியின் மேல் கவிழ்ந்திருந்தது. ஒருவரும் பேசவில்லை. ஒரு பையன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யார் வீட்டிலோ சாவு என்று எண்ணி அருகில் போனோம்.

"என்ன தம்பி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் இல்லீங்க ஐயா. க்ளாப் போறாருங்க" என்றான் அவன்.

க்ளாப் யாரென்று அறியாத நேயர்களுக்காகச் சொல்லுகிறோம். யூர்கன் க்ளாப் ஜெர்மனி தேசத்தவர். 2015-ம் வருஷம் அக்டோபர் மாதம் சீமையிலுள்ள லிவர்பூல் என்னும் துறைமுகப் பட்டணத்துக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளராக அமர்ந்தார். ஒரு காலத்தில் கீர்த்தி பெற்றிருந்த அந்தச் சங்கம் 1990-க்குப் பின் தேசத்து முதல்தரப் போட்டியில் ஒருமுறைகூட முதலிடம் பெறாமல் சோர்ந்து கிடந்தது. 2019-ல் ஐரோப்பியக் கோப்பையையும், 2020-ல் முப்பது வருஷத் தவத்துக்குப் பிறகு தேசப் போட்டியின் முதலிடத்தையும் அவர் வாங்கிக் கொடுத்தார். எட்டு வருஷத்துக்கு மேல் ஆன பின், அணி போட்டியில் முதலிடத்தில் இருந்த சமயத்தில், தமது சக்தி குறைந்து வருகிறதென்றும், பருவம் முடிந்ததும் விலகுவதாகவும் அந்த ஜனவரி 26-ந் தேதி அறிவித்தார். அந்தச் செய்திதான் ஏரிக்கரைக் காற்றில் நின்றிருந்த நமது உத்திரமேரூர்ப் பையன்களின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

நமக்கு முதலில் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? அதற்கு மூன்று நாள் முன்புதான், ஜனவரி 23-ந் தேதி, கத்தார் நாட்டில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் நமது பாரத அணி சிரியாவிடம் தோற்று வெளியேறியிருந்தது. ஆஸ்திரேலியாவிடம் இரண்டு கோல், உஸ்பெகிஸ்தானிடம் மூன்று கோல், சிரியாவிடம் ஒரு கோல். நாம் போட்ட கோல் ஒன்றுமில்லை. அதற்காகக் கண்ணைத் துடைக்காத பையன், யாரோ ஒரு ஜெர்மானியர் ஆங்கிலேயரிடம் பார்த்த உத்தியோகத்தை விடுகிறார் என்பதற்காகக் குடியரசு தினத்தன்று கண்ணீர் விடுவதா? நம்மைப்போல் பழைய தேசிய உணர்ச்சியில் ஊறியவர்களுக்கு இது சகிக்கக்கூடிய காட்சியல்ல. சற்றுக் கடுமையாகவே அதைச் சொன்னோம்.

அவன் கோபிக்கவில்லை. யோசித்துப் பதில் சொன்னான். "ஐயா, நம்ம டீம் தோத்ததுக்கும் வருத்தந்தாங்க. ஆனா அங்க யாரைப் பார்த்து வருத்தப்படறது? யார் வந்தாங்க, யார் போனாங்க, எதுக்கு வெச்சாங்க, எதுக்கு அனுப்பினாங்க, ஒண்ணும் நமக்குச் சொல்றதில்லை. இவரு எட்டு வருஷமா ஜெயிச்சாலும் தோத்தாலும் வந்து முன்னால நின்னு பேசினாருங்க."

வக்கீல் தொழிலில் இருபது வருஷம் பழகியவனுக்கு, சாட்சி சொல்லும் விஷயத்தில் உண்மையிருந்தால் உடனே உறைக்கும். இது உறைத்தது. ஆகையால் அந்தப் பையனுடைய வழக்கை இன்று நேயர்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறோம்.

சீமைக் கால்பந்துச் சங்கங்களின் அபிமானிகள் எப்போதும் இவ்வளவு மிருதுவான மனம் படைத்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மாஞ்செஸ்டர் யுனைடெட் சங்கத்தில் 1986 நவம்பரில் அமர்ந்த ஸர் அலெக்ஸ் பெர்குஸனை, மூன்று வருஷம் வெற்றி காணாதபோது, "போய் வா" என்று துணியில் எழுதி மைதானத்திலேயே பிடித்தவர்கள் அவர்கள். அவர் போகவில்லை. சங்கமும் அவரை அனுப்பவில்லை. 2013 மே மாதத்தில், தேசப் போட்டியில் பதின்மூன்றாவது முறையாக முதலிடம் வாங்கிய கையோடு அவர் தாமாகவே விலகியபோது, அதே ஜனங்கள் எழுந்து நின்று அழுதார்கள். புதிதாக வருகிறவருக்கு ஆதரவாக நில்லுங்கள் என்று அவர் மைதானத்தில் நின்று வேண்டிக்கொண்டார். வந்தவரைப் பத்து மாதத்துக்குள் அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை. அதற்கு ஸர் அலெக்ஸ் பொறுப்பல்ல.

லண்டன் ஆர்சனல் சங்கத்தின் ஆர்சேன் வெங்கர் என்னும் பிரெஞ்சுக்காரர் கதை இன்னும் விசித்திரமானது. 1996 அக்டோபர் முதல் 2018 மே வரை இருபத்திரண்டு பருவங்கள் அவர் அங்கே இருந்தார். 2003-04 பருவத்தில் முப்பத்தெட்டு ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் முதலிடம் வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரைக் கடைசி வருஷங்களில் அபிமானிகளில் ஒரு பகுதியார் "வெளியேறு" என்று எழுதிய பலகைகளோடு பின்தொடர்ந்தார்கள். 2017 மார்ச்சில் ஒரு மைதானத்துக்கு மேலே இரண்டு ஆகாய விமானங்கள் பறந்தன: ஒன்று அவர் போகவேண்டும் என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு, மற்றொன்று அவர் இருக்கவேண்டும் என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு! நம் நாட்டில் ஒரு மந்திரிக்குக்கூட இந்த மரியாதை நடந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் ஏப்ரலில் அவர் விலகுவதாகச் சொன்னதும் இரு விமானக் கட்சிக்காரர்களும் ஒன்று சேர்ந்து வழியனுப்பினார்கள்.

அபிமானிகளின் நடத்தை முன்னுக்குப்பின் முரணாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரைப் போ என்று சொல்லும் உரிமையும், அவர் போகும்போது அழும் உரிமையும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. அந்த மனிதர் தங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் இருக்கிற இடத்தில்தான் இரண்டும் நிகழும். அந்த எண்ணம் இல்லாத இடத்தில் கூச்சலும் இராது, கண்ணீரும் இராது. அலட்சியம் ஒன்றே மிஞ்சும். சிரியாவிடம் தோற்ற நமது அணியின் விஷயத்தில் உத்திரமேரூர்ப் பையனிடம் நாம் கண்டது அந்த அலட்சியம். அதற்கு அவனைக் குற்றம் சொல்லலாமா?

நமது வீட்டுக் கதையைப் பார்ப்போம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைமைப் பதவியில் ஸ்ரீ பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி சுமார் இருபது வருஷம் இருந்தார். அவர் நோய்வாய்ப்பட்ட பின், 2008-ல் தற்காலிகமாகவும் 2009 முதல் தேர்தல் மூலமாகவும் ஸ்ரீ பிரபுல் படேல் வந்தார். விளையாட்டுச் சம்மேளனங்களின் தலைவர் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கலாகாது என்று மத்திய சர்க்காரின் 2011-ம் வருஷத்து விதி சொல்லியது. அந்தக் கெடு 2020 டிசம்பரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, சம்மேளனத்தின் அமைப்பு விதிகள் பற்றிய வழக்கு கோர்ட்டில் இருக்கிறதென்று காரணம் சொல்லப்பட்டது. ஒன்றரை வருஷம் கடந்து, 2022 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே அந்த நிர்வாகத்தைக் கலைத்து, ஒரு முன்னாள் நீதிபதியின் தலைமையில் மூவர் குழுவை நியமிக்கவேண்டி வந்தது.

விளைவு என்ன? கோர்ட்டு நியமித்த குழு வெளியாரின் தலையீடு என்று சொல்லி, பிபா என்னும் உலகக் கால்பந்து ஸ்தாபனம் அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில், நமது சுதந்திர தினத்தை ஒட்டியே, இந்தியாவை விலக்கி வைத்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது கேரளத்துக் கோகுலம் சங்கத்தின் பெண்கள் அணி ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் நகரில் போய் இறங்கியிருந்தது. விளையாடக் கூடாதென்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பிரதம மந்திரிக்கு முறையிட்டார்கள், பலிக்கவில்லை. விளையாடாமலே திரும்பினார்கள். டில்லியில் ஒரு நாற்காலியை யார் எப்போது காலி செய்வது என்ற தகராறுக்காக, அந்தத் தகராறில் எள்ளளவும் சம்பந்தமில்லாத இளம் பெண்கள் அன்னிய நகரத்தில் கைகட்டி நின்றார்கள். ஆகஸ்டு 26-ந் தேதி தடை நீங்கியது. செப்டம்பர் 2-ந் தேதி நடந்த தேர்தலில், தேசத்துக்காக வெகு காலம் ஆடிய பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஒரே ஒரு வாக்கும், ஸ்ரீ கல்யாண் சௌபேக்கு முப்பத்துமூன்று வாக்குகளும் கிடைத்தன.

ஸ்ரீ படேல் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. பதினேழு வயதுக்குட்பட்டோரின் உலகக் கோப்பை 2017-ல் இந்தியாவில் நடந்தது அவர் காலத்தில்தான். சென்னை அணி 2015-லும் 2018-லும் வென்ற லீக் போட்டி பிறந்ததும் அவர் காலத்தில்தான். நாம் கவனிக்கச் சொல்லுவது வேறு. அவர் தலைமையில் இருந்த காலத்துக்குள் ஹௌட்டன், அர்மாண்டோ கொலாசோ, சாவியோ மெதைரா, கோவர்மன்ஸ், கான்ஸ்டன்டைன், ஸ்டிமாச் என்று ஆறு பேர் தேசிய அணியின் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆடுகிறவர்கள் மாறினார்கள், கற்றுக்கொடுப்பவர்கள் மாறினார்கள், நியமிப்பவர் மாத்திரம் மாறவில்லை. தோல்விக்குப் பொறுப்பு கீழே, பதவி மேலே என்னும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா நிர்வாகத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

மேற்சொன்னவர்களில் கான்ஸ்டன்டைன் செய்ததைச் சொல்லியாகவேண்டும். 2019 ஜனவரி 14-ந் தேதி ஆசியக் கோப்பையில் பஹ்ரைனிடம் கடைசி நிமிஷத்து பெனால்டியால் இந்தியா தோற்றது. ஒரு டிரா போதும், அடுத்த சுற்றுக்குப் போயிருக்கலாம். அன்றிரவே பத்திரிகையாளர் முன் வந்து தாம் விலகுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பின்னர் வந்த ஸ்டிமாச் ஐந்து வருஷம் இருந்தார். 2024 ஜூன் 11-ந் தேதி கத்தாரிடம், எல்லைக்கு வெளியே போய்விட்ட பந்தை உள்ளே இழுத்துப் போட்ட கோலினால் முன்னிலை இழந்து தோற்றபோது, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று கைவிட்டுப் போயிற்று. ஆறாம் நாள் சம்மேளனம் அவரை நீக்கியது. அவர் சம்மேளனத் தலைவர்மீது குற்றம் சாட்டினார். சம்மேளனம் அவர்மீது குற்றம் சாட்டியது. நமது அபிமானிகளில் பலர் இருவருமே போகட்டும் என்றார்கள். போனது ஒருவர்.

இப்போது கோயில் மண்டபத்துக்குத் திரும்புவோம். உத்திரமேரூருக்குப் போகிற எவரும் அந்தச் சுவரைப் பார்க்காமல் வரமாட்டார்கள். அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யாத அரசியல்வாதியும் தமிழ்நாட்டில் இல்லை. சோழன் முதற் பராந்தகனுடைய காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச் சபை தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டம் அது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலைகளைப் பங்கிட்டார்கள். இவ்வளவும் பிரசங்கங்களில் வரும். பிரசங்கங்களில் வராத பகுதியைத்தான் அன்று மாலை மறுபடி நினைத்துப் பார்த்தோம். வாரியத்தின் ஆயுள் முந்நூற்று அறுபது நாள். கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் எக்காலத்திலும் விழக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் விழக்கூடாது. உறவு என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவும் இல்லை. சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என்று வக்கீலுக்குக்கூடச் சந்து கிடைக்காதபடி வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவனுக்கும் இடமில்லை.

அது பிராமணர்களின் பிரமதேயச் சபை. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கு மாத்திரம் உரியது. அந்த ஊரில் ஏர் பிடித்தவனுடைய பெயரும், நாற்று நட்டவளுடைய பெயரும் அந்தக் குடத்தில் ஒருநாளும் விழவில்லை. இதை மறந்துவிட்டு ஜனநாயகத்தின் தொட்டில் என்று மார்தட்டுவது நமக்குச் சம்மதமல்ல. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நல்லவனைத் தேடிப் பிடிப்பது எப்படி என்பதைவிட, வந்தவனை இறக்குவது எப்படி என்பதில் அதிகக் கவலை எடுத்துக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் நமது பார்லிமெண்டு விளையாட்டு நிர்வாகத்துக்கென்று ஒரு சட்டம் செய்தது. அதில் நல்ல அம்சங்கள் உண்டு. ஆனால் பழைய விதியில் எழுபது வயதோடு நின்ற எல்லையை, சர்வதேச விதிகள் இடம் கொடுத்தால், எழுபத்தைந்து வரை நீட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய உத்திரமேரூர்ச் சபையாரிடம் இந்த மசோதா வந்திருந்தால் எந்தக் குடத்தில் போட்டிருப்பார்களோ!

எல்லாப் பதவியும் ஒரே ஜாதி அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நிர்வாகிக்குத் தவணை வேண்டும். ஆசிரியனுக்குக் காலம் வேண்டும். பயிற்சியாளன் ஆசிரியன். இருபது வயதுப் பிள்ளைகளின் காலையும் மனத்தையும் பழக்குவதற்கு முந்நூற்று அறுபது நாள் போதாது. பெர்குஸனை மூன்றாம் வருஷமே அனுப்பியிருந்தால் பின்னால் வந்தது ஒன்றும் வந்திராது. இதற்குச் சீமைக்குப் போகவேண்டியதில்லை, ஹைதராபாத்தே போதும்.

சையத் அப்துல் ரஹீம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் இந்திய அணியைப் பழக்கினார். 1951-ல் டில்லியில் ஆசியப் பந்தயத்தின் தங்கம். 1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்று நாலாவது இடம். 1962-ல் ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். அந்தக் கடைசிப் பந்தயத்துக்குப் போகும்போதே அவருக்குப் புற்றுநோய். அரசியல் தகராறு ஒன்றினால் ஜகார்த்தா ஜனங்கள் இந்தியர்மீது கடுங்கோபத்தில் இருந்தார்கள். நமது தேசிய கீதத்தைக்கூடக் கூச்சலில் அமுக்கினார்கள். தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு மாற்றி ஆடவைத்தார் ரஹீம். செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றபோது ஒரு கோல் பி.கே. பானர்ஜியுடையது, மற்றது ஜர்னைல் சிங்குடையது. 1963 ஜூன் 11-ந் தேதி ரஹீம் காலமானார். அவர் ராஜினாமாச் செய்யவில்லை. அவரைப் போகச் சொல்லவும் இல்லை. எமன்தான் அவருடைய தவணையை முடித்தான். ஆசியப் பந்தயத்தில் அதற்குப் பிறகு நமக்குக் கால்பந்தில் கிடைத்தது 1970-ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். அவ்வளவே. அவரைப் பற்றி ஒரு சினிமாப் படம் வருவதற்கு 2024 வரை ஆயிற்று. நமது பையன்களிடம் ரஹீம் பெயரைச் சொன்னோம். ஒருவனுக்கும் தெரியவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ், 1973-ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் என்பதும் தெரியவில்லை. இதற்கும் அவர்களைக் குற்றம் சொல்லத் தயங்குகிறோம்; நமது பத்திரிகைகள் எத்தனை முறை எழுதினோம்?

அபிமானிகளிடமும் பிழை இல்லையென்று சொல்லமாட்டோம். போகிறவரைப் போகவிடாத அன்பும் ஒன்று உண்டு. அதைக் காணச் சேப்பாக்கத்துக்குப் போனால் போதும். கிரிக்கெட்டில் சென்னை அணியின் தலைமையை மஹேந்திர சிங் தோனி 2022 மார்ச்சில் ஜடேஜாவிடம் கொடுத்தார்; எட்டு ஆட்டத்தில் ஆறு தோற்றதும் ஏப்ரல் 30-ந் தேதி திரும்ப வாங்கிக்கொண்டார். 2024 மார்ச் 21-ந் தேதி ருதுராஜ் கெய்க்வாடிடம் கொடுத்தார். அவருக்கு முழங்கையில் அடிபட்டதும் 2025 ஏப்ரலில், நாற்பத்துமூன்றாம் வயதில், மறுபடி தாமே ஏற்றார். அந்த வருஷம் சென்னை அணி பட்டியலின் கடைசியில் நின்றது. தோனியின் பெருமையில் நமக்குச் சந்தேகமில்லை. ஐந்து கோப்பை சும்மா வராது. ஆனால் தம் அணி வீரன் அவுட்டாகவேண்டும், அப்போதுதான் அவர் இறங்குவார் என்று வேண்டிக்கொள்ளும் கூட்டத்தை வேறெங்கே கண்டோம்? ஜடேஜாவே இதை 2023-ல் சிரித்துக்கொண்டு வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஏப்ரலில் கல்கத்தா அணியோடு நடந்த ஆட்டத்தில் தோனி இறங்கிய சமயம் எழுந்த கூச்சலில் எதிரணி வீரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். இளைஞன் ஒருவன் தலைமை ஏற்று, தோற்று, கற்று, தேறுவதற்கு அந்தக் கூச்சலுக்குள் இடம் எங்கே?

க்ளாப் இதை அறிந்திருந்தார் போலும். 2024 மே 19-ந் தேதி கடைசி ஆட்டம் முடிந்து, கூட்டம் முழுதும் தம் பெயரைப் பாடிக் கொண்டிருந்தபோது, அடுத்து வரவிருந்த ஆர்னே ஸ்லாட்டின் பெயரைத் தாமே பாட ஆரம்பித்து, ஜனங்களையும் பாடவைத்தார். நாற்காலியை விடுவது ஒன்று. தமக்குரிய கோஷத்தை எடுத்து அடுத்தவர் கையில் கொடுப்பது மற்றொன்று. ஸ்லாட் முதல் வருஷத்திலேயே, 2025-ல், தேசப் போட்டியில் முதலிடம் வாங்கினார். களைத்துவிட்டதாகச் சொன்ன க்ளாப் 2025 ஜனவரியிலேயே ஒரு பெரிய பானக் கம்பெனியின் கால்பந்து ஸ்தாபனங்களுக்கெல்லாம் தலைமை ஆலோசகர் போன்ற உத்தியோகத்தில் சேர்ந்ததும், ஜெர்மனியில் பழைய அபிமானிகள் பலர் அவர்மீது சீறி விழுந்ததும் உண்மைதான். முனிவர் யாரும் கால்பந்துப் பக்கம் வருவதில்லை.

நமது நாட்டிலும் ஒரு மாறுதல் நடந்தது. 2025 ஜூலையில் லீக் போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டு, ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு என்ன வழி என்று தவித்த வேளையில், ஆகஸ்டு முதல் தேதி காலித் ஜமீலைத் தேசியப் பயிற்சியாளராக நியமித்தார்கள். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு ஓர் இந்தியர் வந்தார். செப்டம்பர் 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சம்மேளனத்தின் புதிய அமைப்பு விதிகளுக்குச் சில திருத்தங்களோடு சம்மதம் கொடுத்தது. கோர்ட்டில் எட்டு வருஷம் கிடந்த விவகாரம் அது. ஜமீலுக்குக் காலம் கொடுப்பார்களா என்பதைத்தான் நாம் கவனித்துக் கொண்டிருக்கிறோம். கொடுக்கவேண்டும். தோற்றால் ஜனங்கள் முன் வந்து காரணம் சொல்லும்படியும் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்களிடம் முதலில் கேட்கவேண்டும்.

அன்று மாலை இவ்வளவையும் அந்தப் பையன்களிடம் ஓரளவு சொன்னோம். கல்வெட்டு விஷயம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. மூன்று வருஷம் குடத்தில் பெயர் விழக்கூடாது என்பதைக் கேட்டுச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்த பையன் மாத்திரம் சிரிக்கவில்லை. அவன் நமது ஊருக்கு வந்து படிக்கிறவன். நாம் தலைமை வகிக்கும் வாசகசாலைக்கு வந்து போகிறவன் என்று பிறகு தெரிந்தது. "நீங்க அதுக்கு எத்தனை வருஷமா ஐயா தலைவர்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

பன்னிரண்டு வருஷம். வேறு யாரும் முன்வருவதில்லை என்று பதில் சொன்னோம். சொன்னபோதே அந்த வார்த்தைகளை இதற்கு முன் எங்கோ, வேறு பல பேர் வாயிலிருந்து கேட்டிருப்பது ஞாபகத்துக்கு வந்தது. அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

அந்த வருஷத்துப் பொதுக்கூட்டத்தில் தலைமையை விட்டோம். கணக்கை ஒப்படைக்கும்போது சில நூறு ரூபாய் துண்டு விழுந்தது, நாமே கட்டினோம். பன்னிரண்டு வருஷம் யாரும் அந்த ஏட்டைத் திறந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இருபத்தெட்டு வயதுப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்வர ஆளில்லை என்று நாம் எண்ணியிருந்த இடத்தில் மூன்று பேர் போட்டியிட்டார்கள். புதிய தலைவர் செய்த முதல் காரியம், வாசலுக்கு நேரே கிடந்த பத்திரிகை மேஜையைப் பின்கட்டுக்கு மாற்றி, அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப் பெஞ்சு போட்டது. நமது பத்திரிகையும் அந்த மேஜையோடு பின்கட்டுக்குப் போயிற்று. அங்கே வெளிச்சம் போதாது என்று ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தோம். விளக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்.